கேப்

படிவத்தில் பதினோராவது கட்டம்.
படிப்புக்கும் வேலைக்கும் நடுவில், அல்லது
வேலைக்கும் வேலைக்கும் நடுவில்
கேப் இருந்தால் காரணம் எழுதவும்.
கட்டம் என் கட்டைவிரல் அளவு.

குன்னூர் ஏலக் கம்பெனியின் மாடி.
பனிமூட்டம் ஜன்னலில் வந்து ஒட்டி
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
யோசிக்க நேரம் இருந்தது.

கேப் என்றால் எங்களுக்குத் தெரியாததா.

ஏழே கால் கோத்தகிரி பஸ்ஸில்
மூச்சுக்கும் டிக்கெட் கேட்கும் நெரிசலில்
கண்டக்டர் அல்போன்ஸ் கத்துவார்:
"உள்ளே போ, உள்ளே போ, அவ்ளோ கேப் இருக்கு."
அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அதை
நானும் பல வருடமாய்த் தேடுகிறேன்.

கொண்டை ஊசி வளைவில்
லாரிக்கும் பாறைக்கும் நடுவே
புல்லட்டில் நுழைந்து போன ஒருவனை
"கேப்புல கெடா வெட்டுறான்" என்றார் டிரைவர்.
திட்டா பாராட்டா, குரலில் தெரியவில்லை.

அக்கா மகள் துவாரகாவுக்கு முன்பல் விழுந்தது.
அந்த இடத்தில் நாக்கை விட்டு
நாள் முழுக்கக் காற்று ஊதினாள்.
பல் இருந்த வரைக்கும்
அதை அவள் தொட்டுப் பார்த்ததே இல்லை.

மின்வேலியில் ஒரு கம்பி தொய்ந்தால்
காட்டுமாட்டுக்கு அது கேப் இல்லை, கதவு.
எங்கள் பீன்ஸ் கொடியைத் தின்றுவிட்டு
வந்த வழியே நிதானமாகத் திரும்பும்.
சாத்திவிட்டுப் போகாதது ஒன்றுதான் குறை.

தமிழில் எழுதலாமா என்று பார்த்தேன்.
இடைவெளி என்றால் பள்ளிக்கூட வாசனை,
ரூல் நோட்டில் விரல் வைத்து விடுவது.
விரிசல் என்றால் யாரோ சண்டை போட்டிருக்க வேண்டும்.
சந்து என்றால் ஆள் நடமாட்டம் வேண்டும்.
பொத்தல் என்றால் அம்மா உடனே ஊசி கேட்பாள்.
என்னுடையது இது எதுவும் இல்லை.

கொழுந்துக்குப் போன மேட்டில்
அம்மா வழுக்கி இடுப்பு ஒடிந்தது.
செக்ரோலில் ஒரு பேர் இல்லையென்றால்
லயன் வீடும் இல்லை என்றது எஸ்டேட் ஆபீஸ்.
கோயம்புத்தூரில் டேலியை மூடிவிட்டு
வந்து என் பேரைக் கொடுத்தேன்.

தேயிலைக் காட்டிலும் இருக்கிறது அந்த வார்த்தை.
வரிசையில் ஒரு செடி செத்தால் கேப்.
சூப்பர்வைசர் ஹாலன்
சுண்ணாம்பு தடவிய குச்சியை நட்டு நட்டு
எண்ணிக்கொண்டே போவார்.
பின்னால் நான், கடப்பாரையோடு.
ஒன்றரை அடி ஆழம், முக்கால் அடி அகலம்.
செத்த வேர் லேசில் வராது.
செடி போய்விட்டதென்று
அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
ஆனி மழைக்குக் கொஞ்சம், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம்,
மறு வருடமும் அதே.
கொழுந்து எடுத்தால் கிலோ கணக்கு உண்டு.
குழிக்கு, எண்ணினால் உண்டு.

என் பேரைக் கூப்பிட்டார்கள்.
கண்ணாடி போட்டவர் படிவத்தைப் புரட்டிப்
பதினொன்றில் விரல் வைத்தார்.
கட்டம் காலியாகவே இருந்தது.
"இருபத்திரண்டு மாசம். என்ன பண்ணீங்க?"

"கேப் நிரப்பினேன் சார்."

பக்கத்தில் இருந்த அம்மா பேனாவை மூடினார்.
திமிர் என்று நினைத்திருக்கலாம்.
கண்ணாடிக்காரர் என் கையைப் பார்த்தார்.
தேயிலைக் கறை நகத்தை விட்டு
இன்னும் முழுசாய்ப் போகவில்லை.

"எத்தனை குழி?"
"ஆயிரத்து நூற்றுப் பதினாறு."
"எத்தனை பிழைச்சுது?"

ஆபீஸ்கூட அதைக் கேட்டதில்லை.
யாரும் கேட்காமலே, போன ஞாயிறு
மேட்டில் ஏறி எண்ணிவிட்டு வந்திருந்தேன்.
அட்டை கடித்த காலில் இன்னும் அரிப்பு.

"எழுநூற்று நாற்பது."
"மிச்சம்?"
"மிச்சம் மறுபடி கேப்தான் சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
எந்தக் கட்டத்தில் என்று
மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து
தெரியவில்லை.